முடி என்னும் சொல்

திருமால் அடியையும் நான்முகன் முடியையும் தேடிக் காணாது நின்ற தலம் திருவண்ணாமலை என்று புராணம் கூறும். ஆண்டுதோறும் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பெறுவதும் அம்மலையின் முடியிலேயாம். இங்கு முடி என்பது உச்சி. ஆயின், கூந்தலும் முடி. மன்னன் அணியும் மகுடமும் முடி. செயல் நிறைவேறினாலும், ‘முடிந்தது’ என்கின்றோம். ஒரு சொல் இத்துணைப் பொருள்களை எங்ஙனம் பெற்றது?

முடிதல் என்பதற்குக் கட்டுதல் என்றும் பொருள் உண்டு. தாய் முந்தானையில் காசை முடிந்து வைக்கின்றாள்; அக்கட்டு முடிச்சு எனப்படும். தெலுங்கிலும் முடி என்பது முடிச்சையே குறிக்கும். சேர்த்துக் கட்டிய கூந்தல் முடியாயிற்று. கூந்தலுக்கு இடமாகிய தலையும், தலைமேற் புனையும் மகுடமும், மலையுச்சியும் முறையே அப்பெயர் பெற்றன எனலாம்.

நிறைவேறுதற் பொருளும் இதற்கு அயலதன்று. பூத்தொடுப்பவர் கடைசி மலரைத் தொடுத்தபின் நாரில் முடிச்சிடுவர். முடிச்சு விழுந்தால் மாலை முடிந்தது.

‘ஃபிக்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இத்தகையதே. பொருத்துதல், நாள் குறித்தல், விலையை உறுதி செய்தல் ஆகியவற்றை அஃது உணர்த்தும். குத்திப் பதித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையே அதன் வேர். அங்கே பதித்தலிலிருந்து உறுதிப்பொருள் பிறந்தது; இங்கே முடிச்சிலிருந்து பிறந்தது எனக் கொள்ளலாம். திருமணத்தைப் பேசி முடித்தோம், வழக்கை முடித்தோம் என்னும் வழக்குகளை நோக்குக.

திருவண்ணாமலைப் பகுதியில் திரௌபதியம்மன் கோயில்களில் நிகழும் பாரத விழாவைக் கண்டிருப்பீர்கள். பகைவர் அழியுமளவும் விரித்த கூந்தலை முடியேன் என்பது பாஞ்சாலியின் சூளுரை. துரியோதனன் படுகளத்தில் வீழ்ந்தபின் அவள் கூந்தலை முடிக்கின்றாள். அவ்வொரு செயலால் கூந்தலும் முடிகின்றது, சூளும் முடிகின்றது. இரு பொருளும் ஒன்றாய் நிற்கும் இடம் அஃதன்றோ?

முடிச்சிடாத மாலையில் மலர் எத்துணை இருப்பினும் உதிர்ந்துபோம். தொடங்கிப் பாதியில் விட்ட பாடமும் அத்தகையதே. ஆதலின், ‘என்னால் முடியாது’ என்று சொல்ல நாவெழும்போது, இச்சொல்லின் பொருளைச் சற்றே எண்ணுங்கள். எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு முடிச்சேயாம்.