கொத்துத் தலைவலியும் நாள்காட்டித் தாள்களும்

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்பது நம் முன்னோர் மொழி. காய்ச்சலுக்காவது தொட்டுப் பார்த்தால் சூடு உண்டு. தலைவலிக்கு அத்தகைய சான்று ஒன்றும் இல்லை. ஆதலின், ‘தலைவலிதானே!’ என்னும் ஒரு சொல்லால் வீட்டாரும் அலுவலகத்தாரும் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்கத் தகாத தலைவலி ஒன்று உண்டு. அதனோடு ஒன்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவர்களாதலின், நாம் பட்டவற்றையும் அறிந்தவற்றையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இதனை இங்கே எழுதுவதற்குக் காரணமும் உண்டு. தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம் பக்கங்களிலிருந்து பொம்மசந்திராவுக்குப் பிழைக்க வந்த நம்மவர் பலர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் வேலை செய்பவர்கள். ஒருநாள் விடுப்பு எடுத்தால் ஒருநாள் கூலி குறையும். ஆகவே தலை வலித்தால் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்குப் போவதே வழக்கமாகிவிட்டது. எல்லாத் தலைவலிக்கும் அந்த ஒரு மாத்திரை போதாது என்பதை நாம் கடுமையாகக் கற்றுக்கொண்டோம்.

மணி பார்த்து வந்த வலி

நமக்கு 27 வயது நடந்த ஆண்டு, கார்த்திகை மாதம். இரவு ஒன்றரை மணிக்கு உறக்கத்திலிருந்து எழுப்பியது அவ்வலி. வலக்கண்ணின் பின்புறத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகித் திருகுவது போன்றிருந்தது. அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் ஒழுகியது. அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டது. அந்த இமை மட்டும் தாழ்ந்தது. படுக்க இயலவில்லை, உட்காரவும் இயலவில்லை. மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றபின், எவரோ விளக்கை அணைத்தாற்போல் வலி போய்விட்டது. காலையில் இரயில் நிலையக் கவுண்டரில் அமர்ந்து சீட்டுக் கொடுத்த நம்மைக் கண்டவர், இரவு நடந்ததைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

மறுநாள் இரவும் அதே ஒன்றரை மணி. அதற்கு மறுநாளும் அப்படியே. சுக்குப் பற்றுப் போட்டோம், நொச்சி இலை ஆவி பிடித்தோம், பயனில்லை. ஏழு வாரம் இவ்வாறு சென்று, ஓரிரவு வரவேண்டிய நேரத்தில் வராமற் போயிற்று. ஒழிந்தது என்று மகிழ்ந்து, ஓசூர் மலைமேல் சந்திரசூடேசுவரருக்கு அருச்சனை செய்து திரும்பினோம். 22 மாதங்கள் கழித்து அது மீண்டும் வந்தது.

இரண்டாம் முறை வந்தபோது நம் இல்லாள் ஒன்று செய்தார். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அன்றாடம் கிழிக்கும் தாளை எறியாமல், அதன் பின்புறத்தில் வலி வந்த மணியையும் நீங்கிய மணியையும் குறித்து, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்தார். பத்துப் பதினைந்து தாள் சேர்ந்ததும் அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்து, “இந்த வலிக்கு மணி பார்க்கத் தெரியுதுங்க” என்றார். அதுவே இந்நோயின் முதல் இலக்கணம் என்பது நமக்கு அப்போது தெரியாது.

பெயரில் நேர்ந்த பிழை

பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர் இதனை ‘அரெ தலெ நோவு’ என்றார். நம்மவர் ‘ஒற்றைத் தலைவலி’ என்றனர். இரண்டும் பெரும்பாலும் மைக்ரேன் என்னும் நோய்க்கு வழங்கும் பெயர்கள். நமக்கு வந்ததோ வேறு. ஒரு பக்கமே வலிக்கும் தன்மை இதற்கு மிகப் பொருந்தினும், பெயரை மற்றொரு நோய் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கிளஸ்டர்’ என்னும் சொல்லையொட்டிக் ‘கொத்துத் தலைவலி’ என்று தமிழில் கூறுகின்றனர். தாக்குதல்கள் தனித்தனியே வராமல், சில வாரங்களோ மாதங்களோ கொத்தாக வந்து பின்னர் ஓய்வதால் இப்பெயர் பொருந்தும்.

பெயர் தவறினால் மருந்தும் தவறும். மேல் வரிசைப் பல்லில்தான் குற்றம் என்று கருதி ஒரு பல் மருத்துவர் நம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். அது நல்ல பல். வேறோரிடத்தில் சைனஸ் என்று சொல்லி இரண்டு மாதம் மருந்து கொடுத்தனர். வலி தானே ஓயும் காலம் வந்து ஓய்ந்தது. மருந்துக்குப் பெயர் கிடைத்தது. பல் என்றும் சைனஸ் என்றும் எண்ணி ஆண்டுக்கணக்கில் அலைவது இந்நோயாளர் பலருக்கு உலகெங்கும் நேர்வதே என்று பின்னர் அறிந்தோம்.

இதற்கு இந்நோயின் அருமையும் ஒரு காரணம். நம் ஓசூர்ச் சாலையிலேயே அமைந்த நிம்ஹான்ஸ் நிறுவனத்து அறிஞர்கள், பெங்களூர் நகர்ப்புறத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் 2,329 பேரை வீடு வீடாகச் சென்று வினவிய ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் தலைவலி கண்டவர் 100-க்கு ஏறக்குறைய 64 பேர். மைக்ரேன் உடையவர் 25 பேர். கொத்துத் தலைவலியோ ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது எனப் பொதுவாகக் கணக்கிடுகின்றனர். அக்கணக்கின்படி அந்த 2,329 பேரில் இரண்டு பேர் அகப்பட்டாலே மிகுதி. நாள்தோறும் தலைவலிக்காரர்களைக் காணும் மருத்துவரும் இதனை அரிதாகவே காண்பார் அன்றோ?

மூன்றாம் முறை வந்தபோது நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். நாம் வலியை வருணிக்கத் தொடங்குமுன், இல்லாள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து தாள்களை மேசைமீது வைத்தார். மருத்துவர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “வலி வரும்போது படுத்துக்கொள்வீர்களா, எழுந்து நடப்பீர்களா?” என்று கேட்டார். “நடப்பேன், ஐயா, படுக்கவே முடியாது” என்றோம். மைக்ரேன் கண்டவர் இருட்டறையில் அசையாது படுத்திருப்பார்; கொத்துத் தலைவலி கண்டவர் கூண்டிலிட்ட புலிபோல் உலவுவார். அந்த ஒரு வினாவும் அந்தத் தாள்களும் நாலாண்டுக் குழப்பத்தைத் தீர்த்தன. மூளையில் வேறு கோளாறு இல்லை என்பதை உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. படம் எடுத்த பின்னரே அவர் நோயின் பெயரைச் சொன்னார்.

நோயின் இயல்பு

ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் மூன்று மணி வரை நீடிக்கும். ஒன்றுவிட்டு ஒருநாள் வருவதும் உண்டு. ஒரே நாளில் எட்டு முறை வருவதும் உண்டு. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்கும். ஆண்களிடம் மிகுதி, எனினும் பெண்களுக்கும் வரும், பெண்களிடம் மைக்ரேன் என்றே தவறாகக் கொள்ளப்படுவதும் மிகுதி.

1939-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஹார்ட்டன் இதனை விரிவாக எழுதியதால் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. தாக்குதல்கள் கொத்தாக வருவதை 1952-இல் கங்கிள் முதலிய மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். 1998-இல் இலண்டன் ஆய்வாளர்கள் தாக்குதல் நிகழும்போதே மூளையைப் படமெடுத்து, ஹைப்போதலாமஸ் என்னும் அடிப்பகுதி கிளர்ச்சியுறுவதைக் கண்டனர். உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் உடற்கடிகாரம் அமைந்த இடம் அதுவே. வலி மணி தவறாது வருவதற்கும், ஆண்டின் சில பருவங்களில் தலைகாட்டுவதற்கும் இதனால் ஒருவாறு விளக்கம் கிடைக்கின்றது. முகத்தின் உணர்வை ஏந்தும் முக்கிளை நரம்பு அதனோடு சேர்ந்து தூண்டப்படுவதால் கண்ணும் மூக்கும் கலங்குகின்றன.

காலம் செல்லச் செல்ல

நம்மை மிகவும் வருத்திய கேள்வி வேறு. நான்காம் முறை அது 7 மாதத்திலேயே திரும்பிற்று. நள்ளிரவில் வந்துகொண்டிருந்தது, இப்போது பகல் பன்னிரண்டு மணிக்கு, கவுண்டரில் வரிசை நிற்கும்போதே வந்தது. கண்ணில் நீர் வழிய இருக்கையை விட்டு எழுந்து ஓடிய நம்மைப் பார்த்துப் பயணிகள் முணுமுணுத்தனர், மேலாள் ஒருவர், “இதற்கெல்லாம் விடுப்பா?” என்றார். வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் ஓரிரவு வந்து போனதையும் மறைக்க மாட்டோம். அதனை இல்லாளிடம் சொன்னோம், சொன்னமையால் கரையேறினோம். “இது இனி நிற்கவே நிற்காதோ?” என்று மருத்துவரைக் கேட்டோம்.

அவர் கூறியதன் சாரம் இது: இந்நோய் ஒரே நிலையில் நிற்பதன்று. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இது விட்டுவிட்டு வரும் வகை. இடையில் மாதங்களோ ஆண்டுகளோ ஓய்வு கிடைக்கும். ஓராண்டுக் காலத்தில் மூன்று மாத ஓய்வும் இல்லாதிருப்பின் அது நாட்பட்ட வகை. ஒன்று மற்றொன்றாக மாறுவதும் உண்டு. இத்தாலியில் 189 நோயாளரைப் பத்தாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து பார்த்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுவிட்டு வரும் வகையினருள் பத்தில் எட்டுப் பேர் அவ்வாறே இருந்தனர். எட்டில் ஒருவர் அளவினரே நாட்பட்ட வகைக்கு மாறினர். நாட்பட்ட வகையில் தொடங்கியவருள் மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு கிடைக்கும் வகைக்கு மாறினர். வயது ஏற ஏற ஓய்வுக்காலம் நீள்வதும், தாக்குதல் தணிவதும், சிலருக்கு முற்றிலும் நின்றுவிடுவதும் உண்டு. மணி மாறுவதாலோ ஒருமுறை இடைவெளி குறைவதாலோ நோய் முற்றிவிட்டது என்று கொள்ளலாகாது.

அவர் சொன்னவாறே நம் தாள்களும் காட்டின. தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே தொடங்கியதால் ஐந்தாம் முறை மூன்று வாரத்தில் அடங்கிற்று. அதன்பின் 20 மாதங்களாக டப்பாவில் புதிய தாள் விழவில்லை. நோய் போய்விட்டது என்று இம்முறை அருச்சனைக்குச் செல்லவில்லை. ஓய்வு என்று மட்டும் கொண்டோம்.

செய்யத்தக்கவை

வலி விரைந்து உச்சத்தை அடைவதால் சாதாரண மாத்திரை கரைந்து வேலை செய்யுமுன் தாக்குதலே முடிந்துவிடும். இதற்கென உள்ளவை வேறு. தூய ஆக்சிஜனை நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வீதம், வெளிவிட்ட மூச்சு மீண்டும் கலவாத பையுடைய முகமூடியால் 15 நிமிடம் சுவாசிப்பது ஒன்று. 2009-இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் சுவாசித்தபோது 100-க்கு 78 தாக்குதல்கள் கால் மணிக்குள் நீங்கியோ போதிய அளவு தணிந்தோ போயின. வெறுங்காற்றில் 20 மட்டுமே. பிறருக்கென அமைந்த குறைந்த அளவு ஓட்டமும் சிறு குழாயும் இதற்குப் போதா. ஆக்சிஜன் உருளையின் அருகே பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. மருத்துவர் சீட்டின்றி, பட்டறை உருளையைக் கொண்டு எவரும் முயலவேண்டா.

சுமட்ரிப்டான் ஊசி மற்றொன்று. இதய நோய் உடையார்க்கு அது ஆகாது. கொத்து தொடங்கியதும் தடுப்புக்குத் தரும் வெராப்பமில் மாத்திரை இதயத் துடிப்பை மாற்றக்கூடும், ஆதலின் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தே அளவை உயர்த்துவர். அது பயனளிக்கும் வரை சில நாட்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ, பிடரி நரம்பருகே ஓர் ஊசியோ தருவதும் உண்டு. கொத்து நடக்கும் காலத்தில் மது ஒரு மிடறும் தாக்குதலை வரவழைக்கும். ஓய்வுக் காலத்தில் அவ்வாறு செய்யாமையால் பலர் ஏமாந்து போகின்றனர்.

திடீரென இடிபோல் தாக்கும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவை வேறு நோயின் அறிகுறிகளாகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்க. நமக்கு நிம்ஹான்ஸ் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். 2025 ஆகஸ்டு முதல் பொம்மசந்திராவிலிருந்து மெட்ரோ இரயிலும் ஓடுவதால், நகர மருத்துவமனைகளை நாடுவோர்க்குப் பயணத் தொல்லையும் ஓரளவு குறைந்துள்ளது. மனம் உடைந்தவர்கள் 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அச்சேவையை ஒருங்கிணைப்பதும் நிம்ஹான்ஸே.

வீட்டில் உள்ளோர்க்கு ஒரு வேண்டுகோள். வலியில் உலவுபவரைப் ‘படுங்கள்’ என்று வற்புறுத்தாதீர்கள். ‘என்ன, என்ன’ என்று வினவாதீர்கள். குழந்தைகளை அச்சுறுத்தாமல் வேறறைக்கு அழைத்துச் செல்லுங்கள். மணியைக் குறித்து வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய இச்சிறு பணியே நமக்கு ஆயிரக்கணக்கான ரூபாய்ச் சோதனைகளுக்கு மேலாக உதவிற்று.

இவ்வாண்டும் கார்த்திகை வரும். இரவு ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தால், வலியா வெறும் விழிப்பா என்று சற்றுநேரம் காத்திருப்போம். வந்தாலும் அதன் பெயர் தெரியும். மருந்து அலமாரியில் இருக்கின்றது. பிஸ்கட் டப்பாவும் அதனருகிலேயே இருக்கின்றது.