ஹைபிரிட் காரும் பனிக்கால டயரும்

எனது கடைக்கு வரும் வாகனச் சொந்தக்காரர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஹாஜியார், ஜப்பானிலிருந்து வந்த டயர்தான் இன்னும் கிடக்குது. நுவரெலியாக் குளிருக்கு அது நல்லதுதானே? ஆனால் பெற்றோல் மட்டும் ஏன் இப்படிக் குடிக்குது?"

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்துவிடப்பட்டது. ஜப்பானில் பாவித்த அக்குவா, பிட், பிரியஸ் போன்ற கார்களில் சில, பனிமழை பெய்யும் பிரதேசங்களில் ஓடியவை. அவை பனிக்கால டயருடனேயே கப்பலேறி விடுகின்றன. டயரின் பக்கவாட்டில் 'ஸ்டட்லெஸ்' என்ற சொல்லோ, மலைக்குள் பனித்துகள் வரைந்த குறியோ இருந்தால் அது பனிக்கால டயர். பாதையைக் கிழித்துத் தூசி கிளப்பிய ஆணி டயர்களை ஜப்பான் 1990இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அதன்பின் ஆணியில்லாத இந்த வகைதான் அங்கே பெருகியது.

இதன் இறப்பர் மிக மென்மையானது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனாலும் இறுகாது. மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். உறைந்த பாதையைப் பற்றிப் பிடிக்க இரண்டும் வேண்டும். ஆனால் மென்மையான இறப்பர் உருளும்போது அதிகமாக நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் போகும் சக்தி சூடாகி வீணாகிறது. அதற்கான விலையைப் பெற்றோல் நிலையத்தில் நாம்தான் கட்டுகிறோம்.

ஹைபிரிட் காரில் இந்த நட்டம் கூடுதலாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் உண்டு. சாதாரண கார் பிரேக் பிடிக்கும்போது சக்தி முழுவதும் வீணாகிறது. ஹைபிரிட் அதில் ஒரு பங்கைப் பெற்றரிக்குத் திருப்பி எடுக்கிறது; நின்றால் எஞ்சினையும் அணைத்து விடுகிறது. மற்ற ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்ட வீட்டில் மிச்சமிருக்கும் ஓட்டை பெரிதாகத் தெரியுமல்லவா? டயரில் போன சூட்டை எந்தப் பெற்றரியும் திருப்பி எடுக்காது.

எவ்வளவு நட்டம் என்பது பாதையைப் பொறுத்தது. ஆட்களுடன் 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்றை வைத்துக் கொள்வோம். நல்ல டயர் 12 கிலோ அளவு பின்னுக்கு இழுக்கிறது, மென்மையான டயர் 15 கிலோ இழுக்கிறது என்று கணக்குக்கு எடுப்போம். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது, நூறு அடிக்கு ஐந்து அடி ஏற்றமென்றால், மலை மட்டும் 60 கிலோ இழுக்கும். ஆகவே 72க்குப் பதில் 75. வித்தியாசம் நூற்றுக்கு நான்குதான். ரம்பொடை இறக்கத்திலோ பாதி வழியிலேயே பெற்றரி நிரம்பிவிடும். அதன்பின் மிஞ்சும் சக்தி எப்படியும் வீண்தான் என்பதால், அங்கே டயர் தின்பது கணக்கிலேயே வராது. அவிசாவளை தாண்டிச் சமதரையில் மெதுவாகப் போகும்போதுதான் 12க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் முழுசாகத் தெரியும். எனவே தோட்டத்துக்குள்ளும் டவுனுக்குள்ளும் மட்டும் ஓடுகிறவருக்கு நட்டம் குறைவு. வாராவாரம் கொழும்புக்கு ஹயர் போகிறவருக்கு அது கை கடிக்கும். 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்கு விற்ற 2022 ஜூன் இறுதியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஐரோப்பாவில் 2012இல் தொடங்கிய டயர் அடையாள முறையில், முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் இடையே எரிபொருளில் 7.5 வீதம் வரை வித்தியாசம் வரலாம் என்று கணித்தார்கள். ஜப்பானில் 2010 முதல் உருளும் தடைக்கு மூன்று ஏ தொடக்கம் சீ வரை தரம் குறிக்கிறார்கள். புது டயர் எடுக்கும்போது அந்தக் குறியைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பெற்றோலை விடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் பாதையில் பனிமழை விழுவதில்லை. தை மாதத்து விடியலில் புல்லும் தேயிலைக் கொழுந்தும் கருகும் அளவுக்கு உறைபனி பிடிக்கும். வெயில் வந்ததும் கரைந்துவிடும். நமக்கு உண்மையான எதிரி மழைதான். வெப்பமான ஈரப் பாதையில் பனிக்கால டயர் சாதாரண டயரை விடத் தூரம் போய்த்தான் நிற்கும். தலவாக்கலை வளைவொன்றில் மூடுபனிக்குள் பஸ் எதிரே வரும்போது அந்த மேலதிகத் தூரம் எங்கே இருக்கிறது? ஆகவே பெற்றோலுக்காக மாற்றாவிட்டாலும் பிரேக்குக்காக மாற்றுங்கள். முன்னுக்கு இரண்டு புதிது, பின்னுக்கு இரண்டு பழையது என்று கலக்க வேண்டாம். ஈரத்தில் பின்பக்கம் இழுத்துக் கொண்டு போகும்.

காற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். கொழும்பில் அடித்த காற்று மேலே வந்ததும் குளிரில் சுமார் மூன்று இறாத்தல் குறையும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் மானியில் ஏறக்குறைய அதே மூன்று திரும்பக் கூடும். இரண்டும் ஈடுகட்டி விடுவதால், மேலே வந்து மானி பழைய அளவையே காட்டினால் அது பழுதென்று நினைக்க வேண்டாம். டயர் ஆறியிருக்கும் காலை வேளையில், கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ளபடி அடித்தால் போதும். பழைய டயரென்றால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் செய்தது.