வால்யூம் கூட்டினால் கரகரக்கும் சப்வூஃபர்: குற்றவாளி ஆம்ப்ளிஃபயரா, பெட்டியா?

ஆடி பிறந்துவிட்டால் கறம்பக்குடி, ஆலங்குடி வட்டாரத்தில் மொய் விருந்து சீசன். பந்தலுக்குப் பந்தல் பாக்ஸ் செட் அதிரும். கம்பெனி பெட்டி விலை கட்டுப்படியாகாதவர்கள் ஸ்பீக்கரை மட்டும் வாங்கி, பிளைவுட் பெட்டியைத் தச்சரிடம் செய்துகொள்வது சிறு ஊர்களில் சகஜம். வீட்டு ஹோம் தியேட்டருக்காக யூடியூப் பார்த்துத் தாங்களே பெட்டி அடிப்பவர்களும் உண்டு.

பிரச்சினை பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சத்தம் குறைவாக இருக்கும்வரை பேஸ் சூப்பர். கொஞ்சம் கூட்டினால் 'டம்' என்று விழ வேண்டிய அடி 'டர்ர்' என்று உதறும். பழி ஆம்ப்ளிஃபயர் மேல் விழும். பெரிய ஆம்ப் வரும்; கரகரப்பும் பெரிதாகும். கடைசியில் வாய்ஸ் காயில் கருகி, காசு போனதுதான் மிச்சம்.

உண்மையில் என்ன நடக்கிறது? ஒலி தாழத் தாழ ஸ்பீக்கர் கூம்பு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் வரும் அதே சத்தத்தை 40 ஹெர்ட்ஸில் எழுப்ப, கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். அந்த ஆட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்பெக் ஷீட்டில் 'எக்ஸ்மேக்ஸ்' என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் காயில் காந்தத்தின் பிடியை விட்டு வெளியே போகும். உதறல் அங்கேதான் தொடங்குகிறது. கூம்புக்குக் கடிவாளம் போடுவது பெட்டிக்குள் இருக்கும் காற்று.

எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு காற்று என்பதைக் கணக்காக்கியவர்கள் இருவர். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் தொடங்கியதை, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கினார். ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் 'தீல்-ஸ்மால் அளவுகள்' இவர்கள் பெயரில் வந்தவைதான். அதைப் பார்க்காமல் அடிக்கும் பெட்டி, அளவெடுக்காமல் தைத்த சட்டை.

முதல் தப்பு வெளி அளவை வைத்துக் கணக்குப் போடுவது. வெளியே 40 செ.மீ. கனசதுரம் என்றால் 64 லிட்டர். 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் உள்ளே இருப்பது 48 லிட்டர்தான். ஸ்பீக்கரும் குழாயும் அடைக்கும் இடத்தை இதிலிருந்தும் கழிக்க வேண்டும்.

அடுத்தது குழாய், அதாவது போர்ட். காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுருதி வருமே, அதே தத்துவம். நிகரமாக 50 லிட்டர் உள்ள பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய, 10 செ.மீ. உள்விட்டக் குழாய் சுமார் 31 செ.மீ. நீளம் வேண்டும். காற்று 'புஸ் புஸ்' என்று இரைகிறதே என்று அதே நீளத்தில் இன்னொரு குழாயைச் சொருகினால் ட்யூனிங் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஓடிவிடும். இரண்டு குழாய்தான் வேண்டும் என்றால் ஒவ்வொன்றும் 70 செ.மீ. இருக்க வேண்டும், 40 செ.மீ. பெட்டிக்குள் அதை வளைக்காமல் நுழைக்க முடியாது. குழாயின் இரு வாய்களையும் வெளிப்பக்கம் விரிந்தாற்போல் உருட்டிவிட்டாலே இரைச்சல் நன்றாகக் குறையும்.

ட்யூனிங் சரியா என்று பார்க்க மொபைல் போதும். டோன் ஜெனரேட்டர் செயலியை ஆம்ப்பில் இணைத்து, குறைந்த வால்யூமில் 60 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல இறக்குங்கள். கூம்பு எங்கே மிகக் குறைவாக ஆடுகிறதோ, அதுதான் பெட்டியின் ட்யூனிங். அதற்கும் கீழே இறங்கினால் கூம்பு தாறுமாறாக ஆடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஏனென்றால் அங்கே பெட்டிக் காற்று பிடித்து நிறுத்தாது. ஆம்ப்பில் உள்ள 'சப்சானிக் ஃபில்டரை' ட்யூனிங்குக்குச் சற்றுக் கீழே வைக்கச் சொல்வது இதனால்தான். பலரும் அந்தத் திருகைத் தொடுவதே இல்லை!

இத்தனைக்குப் பிறகும் உதறினால் பலகையைச் சந்தேகிக்கலாம். பாட்டு ஓடும்போது பக்கப் பலகையில் உள்ளங்கையை வையுங்கள். அது துடித்தால், எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து உள்ளே ஒரு கட்டை கொடுக்க வேண்டும். காற்றுக் கசிவுக்கு ஊதுபத்தி சோதனை: பேஸ் டோன் ஓடும்போது மூட்டுகளை ஒட்டிப் பிடித்துக்கொண்டே போனால், புகை எங்கே படபடக்கிறதோ அங்கே சிலிகான் சீலன்ட் வைத்து அடைத்துவிடலாம்.