எழுத்து தெரிந்தால் வாசிப்பு வந்துவிடுமா?

இந்த மாத உரை பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றியது. தொழிலால் நான் கணக்கர். வானொலிக்கு வருவது ஓய்வு நேரத்தில்தான். ஆகவே விஷயத்தை ஒரு கணக்கின் வழியாகவே சொல்கிறேன்.

நம் கோயில் வகுப்புகளில் பல பிள்ளைகள் அ முதல் ஔ வரை தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறார்கள். க, ங, ச வரிசையும் மனப்பாடம். ஆனால் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் விழிக்கிறார்கள். சிலர் தட்டுத் தடுமாறிப் படித்தும் விடுவார்கள். "என்ன போட்டிருக்கு?" என்று கேட்டால் பதில் இருக்காது.

1986ஆம் ஆண்டில் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்புக்கு ஒரு எளிய சூத்திரம் தந்தார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனை, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதே வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். கூட்டலாக இருந்தால் பத்தும் பூஜ்யமும் பத்து. பெருக்கலில் பத்தும் பூஜ்யமும் பூஜ்யம். ஐந்தையும் ஐந்தையும் பெருக்கினால் இருபத்தைந்து. ஒன்பதையும் ஒன்றையும் பெருக்கினால் ஒன்பதுதான். ஒரு பக்கத்தை மட்டும் வளர்த்துப் பயனில்லை.

முதல் பக்கத்தைப் பார்ப்போம். இதில் முதற்படி ஒலி உணர்வு. இது காதின் வேலை, புத்தகம் தேவையில்லை. "அம்மா, அத்தை, ஆடு – இதில் வேறு ஒலியில் தொடங்குவது எது?" என்று கேட்டுப் பழக்கலாம். இந்தப் பயிற்சி நம் பிள்ளைகளுக்கு மிகவும் அவசியம். பர்மியப் பேச்சில் ளகர, ழகர ஒலிகள் இல்லை. தமிழில் ல, ள, ழ என்று மூன்று. பர்மியத்தில் ரகர எழுத்தையே பெரும்பாலும் யகரமாகத்தான் உச்சரிக்கிறார்கள். நம் பெரியவர்கள் சொல்லும் ரங்கூனும் இன்றைய யங்கோனும் பர்மிய எழுத்தில் ஒரே சொல்தான். ஆகவே பல்லி, பள்ளி என்ற வேறுபாட்டைக் காது பிடிக்காத பிள்ளை, எழுத்தில் குழம்புவது இயற்கை. அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள்.

அடுத்தது எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு. தமிழில் 247 எழுத்து என்றதும் பிள்ளை பயந்துவிடுகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31. மீதி 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கைதான். கால், கொம்பு, சுழி போன்ற குறிகளைப் பிடித்துக்கொண்டால் போதும். உகர, ஊகார வரிசை மட்டும் எழுத்தோடு ஒட்டி வடிவம் மாறும். அதற்குத் தனியாக நேரம் கொடுங்கள்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பர்மிய எழுத்தும் தமிழ் எழுத்தும் பழைய பிராமி எழுத்தின் வழிவந்தவை. கொம்பு இடப்பக்கம் இருந்தாலும் ஒலி பின்னால் வரும் என்பது பர்மியம் படித்த பிள்ளைக்குப் புதிதல்ல. அங்கும் எகரக் குறி இடப்பக்கம்தான். மெய்க்கு மேலே நாம் வைக்கும் புள்ளியைப் போல அங்கும் எழுத்தின் தலையில் ஒரு குறி உண்டு. அதற்கு உயிரைக் 'கொல்வது' என்றே பெயர். "பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், இங்கே உருவம் வேறு" என்று சொல்லிக்கொடுங்கள்.

வேறுபாட்டையும் சொல்லவேண்டும். பர்மியத்தில் ககரத்தின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் ஒரே 'க'. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி: கடல், பக்கம். மெல்லெழுத்துக்குப் பின்னும் இரு உயிர்களுக்கு நடுவிலும் மென்மையாகும்: தங்கம், பகல்.

மூன்றாவது, எழுத்துக் கூட்டல். 247ஐயும் முடித்துவிட்டுத்தான் சொல் என்று காத்திருக்க வேண்டாம். ட, ப, ம தெரிந்து, புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம் மூன்றையும் வாசிக்கலாம். ஒரு காலைச் சேர்த்தால் பாடம், மாடம். வாசிக்க முடிகிறது என்ற நம்பிக்கை முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

நான்காவது சரளம். திக்காமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிப்பது. எழுத்தெழுத்தாகத் திணறும் பிள்ளை வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது முதலை மறந்துவிடும். ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு நாள் திரும்ப வாசிக்க வைப்பதே இதற்கு மருந்து.

ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் வடிவம் மாறின. நம் வீடுகளில் உள்ள பழைய புத்தகங்களில் யானைத் துதிக்கை போன்ற பழைய ஐகாரம் இருக்கும். தொடக்கத்தில் புதிய வடிவத்தை மட்டும் கொடுங்கள். பழையதைப் பின்னால் காட்டலாம்.

இனி இரண்டாவது பக்கம்: சொல்வளமும் பொருளுணர்தலும். இதைக் கோயில் வகுப்பு மட்டும் தர முடியாது. வாரத்தில் சில மணி நேரம் போதாது. முன்பு நிலைமை வேறு. வீட்டிலும் தெருவிலும் தமிழ் புழங்கியது, தமிழ்ப் பள்ளிகளும் இருந்தன. 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு பாடம் கோயில் மண்டபத்துக்கு வந்தது. வீட்டுப் பேச்சும் மெல்ல மெல்லப் பர்மியமாக மாறிவிட்டது. பர்மியம் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் மொழி, அது நன்றாக வரவேண்டும். ஆனால் 'குடம்' என்ற சொல்லைக் காதால் கேட்டிராத பிள்ளை அதைச் சரியாக வாசித்தாலும் அது வெறும் சத்தம்தான்.

ஆகவே பெற்றோரும் தாத்தா பாட்டியும் செய்யவேண்டியது பேசுவது. சமைக்கும்போது பாத்திரத்தின் பெயர், காயின் பெயர், உறவு முறை எல்லாம் தமிழில் சொல்லுங்கள். 1942இல் நடந்து போன கதையும், 1964க்குப் பிறகு கப்பலேறிய சொந்தங்களின் கதையும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவற்றைத் தமிழில் சொல்லுங்கள். இரவில் ஒரு பக்கம் நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் 'போறேன்', புத்தகத்தில் 'போகிறேன்' என்ற வித்தியாசம் அப்போதுதான் காதுக்குப் பழகும். பர்மியத்திலும் பேச்சு நடை வேறு, எழுத்து நடை வேறு என்பதால் பிள்ளை இதைச் சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

தினமும் இருபது நிமிடம் போதும். ஐந்து நிமிடம் ஒலி விளையாட்டு, ஐந்து நிமிடம் எழுத்துக் கூட்டல், பத்து நிமிடம் கதையும் கேள்வியும். "யார் வந்தார்? ஏன் போனார்?" என்று கேளுங்கள். பதில் பர்மியத்தில் வந்தாலும் பரவாயில்லை; புரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதையே தமிழில் ஒருமுறை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்.

தாத்தாவுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்கள் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். கோயில் வகுப்பு ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. மறுபக்கம் பூஜ்யமாகாமல் பார்த்துக்கொள்வது வீட்டின் பொறுப்பு.

உங்கள் வீட்டில் செய்து பார்த்ததை நிலையத்துக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.