புயல் வலுவிழந்தால் மழையும் குறையுமா?

"கரையைக் கடந்துடுச்சு, வலுவிழந்துடுச்சுன்னு டிவியிலே சொல்லிட்டாங்களே சார், அப்புறம் இவ்வளவு தண்ணி எங்கேயிருந்து வந்தது?" ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர்ப் பக்கம் யார் இப்படிக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

முதலில் 'வலுவிழந்தது' என்பதை எடுத்துக்கொள்வோம். வானிலை ஆய்வு மையம் இந்தப் புயல் சின்னங்களைத் தரம் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து மட்டும்தான். மணிக்கு 31 முதல் 50 கி.மீ. வரை காற்று வீசினால் தாழ்வு மண்டலம். 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அதற்கும் மேலே போனால் புயல். மழைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆகவே, வலுவிழந்தது என்றால் கூரை பறப்பதும் மரம் சாய்வதும் குறையும் என்று கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். தெருவில் தண்ணீர் நிற்காது என்று அதற்குப் பொருள் இல்லை.

கடலின் வெப்பமும் ஈரமும்தான் புயலுக்குத் தீனி. தரைக்கு வந்ததும் தீனி குறைகிறது, காற்று தளர்கிறது. ஆனால் சுழற்சி உடனே நின்றுவிடுவதில்லை. மையம் கரையோரத்திலேயே தங்கிவிட்டால், அதன் கிழக்குப் பாதி கடல்மேல்தான் இருக்கும். வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி அள்ளி உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஏன் தங்குகிறது? புயல் தானாக நடப்பதில்லை. ஆற்றில் மிதக்கும் கட்டையைப் போல, சுற்றியுள்ள பெருங்காற்றோட்டம் தள்ளும் பக்கம் போகிறது. அந்தக் காற்று மந்தமாகிவிட்டாலோ, இரு பக்கமிருந்தும் எதிரெதிராக இழுத்தாலோ, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அப்போதுதான் ஆபத்து. மழைப் பரப்பு 200 கி.மீ. அகலம் என்று வையுங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் உங்கள் ஊரை 10 மணி நேரத்தில் கடந்துவிடும். வேகம் 5 கி.மீ. என்றால் 40 மணி நேரம். பெய்வது அதே மழைதான். பெய்யும் நேரம் நாலு மடங்கு.

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பிறகு பல மணி நேரம் அங்கேயே அசையாமல் நின்றது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் மட்டும் இது 47,000 லிட்டர். லாரித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய நாலு லோடு. ஒரு மாடிக்கே இவ்வளவு என்றால் ஊருக்கு எவ்வளவு, மாவட்டத்துக்கு எவ்வளவு!

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. தென்பெண்ணை ஆறு மேற்கே கர்நாடகத்தில் பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாகக் கிழக்கே வந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது. வலுவிழந்த ஃபெஞ்சலோ கிழக்கிலிருந்து மேற்காக, ஏறக்குறைய அதே ஆற்றுப் பாதையில் எதிர்த்திசையில் மெல்ல ஏறிப் போனது. முதலில் கீழ்ப்பகுதியை நனைத்தது. ஏரி குளம் நிரம்பின. மண் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்தது. டிசம்பர் 1 மாலை திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். அடுத்து மேல்பகுதிக்குப் போனது. டிசம்பர் 2 காலை வரையிலான ஒரு நாளில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீர் முழுக்க ஆற்றோடுதானே இறங்கியாக வேண்டும்? அதே ஆற்றில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். விநாடிக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர். ஏற்கெனவே ஊறிக் கிடந்த விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் அது பாய்ந்தது. அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையிலேயே வெள்ளம் ஓடியது. கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: உள்ளூரில் பெய்த மழை ஒரு பங்கு, மலைப்பக்கம் பெய்து ஆற்றோடு வந்தது இன்னொரு பங்கு.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் கரையேறிய ஹார்வி புயல், காற்று தணிந்த பிறகும் அந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டு, சில இடங்களில் 150 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்தது.

அடுத்த முறை அறிக்கை வரும்போது புயலின் பெயருக்குப் பக்கத்தில் என்ன பட்டம் போட்டிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது என்ற வரியைத் தேடுங்கள். பத்துக்குக் கீழே இருந்தாலோ, 'நிலை கொண்டுள்ளது' என்று இருந்தாலோ உஷாராகுங்கள். ஆற்றோரம் வீடு என்றால், மேலே எந்த மாவட்டத்தில் மழை, எந்த அணையில் எவ்வளவு திறப்பு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் தெருவில் மழை விட்டுவிட்டது என்பதற்காக, மேலே ஏற்றி வைத்த அரிசி மூட்டையை அவசரப்பட்டுக் கீழே இறக்க வேண்டாம்.