சோடா வேண்டாம், நகத்தைப் பாருங்கள்

சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்ததும் கூட்டத்தில் முதலில் எழும் குரல், “யாராவது தண்ணி கொண்டாங்கப்பா!” என்பதுதான். தூக்கி உட்கார வைப்பார்கள். வாயில் சோடாவை ஊற்றுவார்கள். அக்கறையோடு செய்கிறார்கள். ஆனால், ரத்தம் இழந்தவருக்கு இரண்டுமே ஆபத்து.

பெரியவர்கள் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அது குறைந்து, உறுப்புகளுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காத நிலையை மருத்துவர்கள் ‘ஷாக்’ என்கிறார்கள். சட்டென்று பிடிபடாத நிலை இது. ஒன்றரை லிட்டர் ரத்தம் போகும்வரைகூட பிரஷர் பெரிதாக இறங்காமல் இருக்கலாம். இதயம் வேகமெடுக்கும், கை கால் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, மிச்ச ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் போகும். “நல்லாத்தானே பேசுறாரு” என்று நாம் ஏமாறும் நேரம் அதுதான்.

அப்போது தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லென்று வியர்த்திருக்கும். உதடு வெளுத்திருக்கும். நாடி நிமிடத்துக்கு 100ஐத் தாண்டி, மெலிதாக ஓடும். விரல் நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் ஷாக்கைச் சந்தேகியுங்கள். தாகம், பதற்றம், பேச்சுக் குழறல், மயக்கம் என்று நிலைமை மோசமாகும்.

வெளியே ரத்தம் தெரியவில்லையே என்று இருந்துவிடவும் கூடாது. தொடை எலும்பு முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தொடைக்குள்ளேயே தேங்கிவிடலாம்.

உடனே 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, சுத்தமான துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து, இன்னும் பலமாக அழுத்துங்கள். அவரை மல்லாந்து படுக்க வைத்து, போர்வையோ சேலையோ போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது தடைபடும். விபத்தில் அடிபட்டவரின் காலைத் தூக்க வேண்டாம். முதுகெலும்பிலும் அடி இருக்கக்கூடும். வாய்வழியாக ஒன்றும் கொடுக்காதீர்கள்: மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். தாகம் என்று கெஞ்சினால் உதட்டை நனைத்துவிடுங்கள், போதும்.

போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற பயத்தில் ஒதுங்க வேண்டியதில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படிகூட போலீசார் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.