பதக்கத்தின் விளிம்பிலே ஒரு பெயர்

தபால் முத்திரை சேர்ப்பவரையும் பழைய நாணயம் சேர்ப்பவரையும் நாம் அறிவோம். போர்ப் பதக்கங்களையும், படைச் சின்னங்களையும், அவற்றோடு வழங்கப்பெற்ற பத்திரங்களையும் தேடிச் சேர்ப்போரும் உலகிற் பலர் உளர். நாணயம் பல்லாயிரம் கைகள் மாறுவது, எவருக்கும் சொந்தமன்று. பதக்கமோ ஒரே ஒரு மனிதனுக்கென வழங்கப்பட்டது. இச்சேகரிப்பின் சுவையும் துயரமும் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளன.

முதலாம் உலக மகாயுத்தத்திற் பங்குகொண்ட பிரித்தானியப் படையினரின் பதக்கங்களை எடுத்துக்கொள்வோம். 1914-15 நட்சத்திரம், வெள்ளியாலான யுத்தப் பதக்கம், வானவில் நிற நாடா பூண்ட வெற்றிப் பதக்கம் என்பன அவற்றுள் முக்கியமானவை. அக்காலப் பத்திரிகையொன்றின் கேலிச் சித்திரத்தில் வந்த நாய், பென்குவின், முயல் ஆகியவற்றின் பெயர்களை இம்மூன்றுக்கும் சூட்டி, 'பிப், ஸ்குவீக், வில்பிரெட்' என்று மக்கள் வேடிக்கையாக அழைத்தனர்.

வெள்ளிப் பதக்கம் மாத்திரம் ஏறக்குறைய 65 இலட்சம் வழங்கப்பட்டது. இத்துணை மலிந்த பொருளில் அருமை யாது என்று வினவலாம். அதன் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் விடை கிடைக்கும். வீரனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியன அங்கே சிறு எழுத்துகளிற் பொறிக்கப்பட்டுள்ளன.

1940 செப்டெம்பரில் ஜேர்மன் விமானங்கள் இலண்டன்மீது குண்டு பொழிந்தபோது, யுத்தக் காரியாலயத்தின் களஞ்சியம் ஒன்று தீக்கிரையாயிற்று. முதலாம் யுத்தத்திற் சேவை செய்த சாதாரண வீரரின் பதிவேடுகளிற் பெரும்பகுதி சாம்பராயிற்று. தப்பியவற்றை 'எரிந்த பத்திரங்கள்' என்றே ஆராய்வோர் இன்றும் குறிப்பிடுவர். ஆதலால், பதக்கமும், அதனைப் பெற்றோரின் பெயர்ப்பட்டியலுமே பல வீரர்களுக்கு எஞ்சியுள்ள சான்றாகும்.

அத்தகைய சான்றுகளும் அழிந்தே வந்திருக்கின்றன. 1980 ஆம் ஆண்டையொட்டி வெள்ளியின் விலை வானளாவ உயர்ந்தபோது, எண்ணற்ற யுத்தப் பதக்கங்கள் உருக்கப்பட்டன. சில அவுன்ஸ் வெள்ளிக்காக மனிதர் பெயர்கள் உலைக்குள்ளே மறைந்தன. ஒரே வீரனின் பதக்கங்களைப் பிரித்துத் தனித்தனியே விற்போரும், விளிம்பை அராவி வேறு பெயர் பொறிப்போரும் இத்துறைக்கு இழைக்கும் தீங்கும் சிறிதன்று.

இரண்டாம் மகாயுத்தத்தின் நட்சத்திரங்கள் பிரித்தானிய வீரருக்குப் பெயர் பொறிக்கப்படாமலே வழங்கப்பட்டன. தபாலில் அவை வந்த சிறு அட்டைப் பெட்டியின் மேலுள்ள முகவரியே உரியவரைக் காட்டும். பெட்டியை எறிந்துவிட்டால் நட்சத்திரம் அநாதையாகிவிடும். கடதாசியை உலோகத்தினும் மேலாகச் சேகரிப்போர் போற்றுவது இதனாற்றான்.

1856 இல் விக்டோரியா மகாராணியார் ஏற்படுத்திய விக்டோரியா சிலுவையும் வெறும் வெண்கலமே. அதன் பின்புறத்திற் பெயரும், வீரச்செயல் நிகழ்ந்த தேதியும் காணப்படும். கொழும்பிற் பிறந்த பாசில் ஹோர்ஸ்ஃபால் என்னும் இளம் அதிகாரி, தலையிற் காயமுற்றும் சிகிச்சைக்குச் செல்ல மறுத்துப் போரிட்டு, 1918 மார்ச் 27 இல் பிரான்ஸில் உயிர்துறந்தார். அவருக்கும் இச்சிலுவை வழங்கப்பட்டது. இத்தகைய சிலுவையின் பெறுமதி உலோகத்தில் இல்லை, அச்செயலிலேயே இருக்கின்றது.

நம் இல்லங்களிலும் பாட்டனார் காலத்துப் பதக்கமொன்று பெட்டகத்தின் அடியிற் கிடத்தல் கூடும். அதனைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குதல் வேண்டா, எழுத்துத் தேய்ந்துவிடும். நாடாவையும், கடிதத்தையும், பெட்டியையும் அதனுடனேயே வைத்தல் நன்று. அது யாருடையது, எங்கே பெற்றது என்பதை அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி உடன் வைப்போமாயின், அடுத்த தலைமுறையினர் அதனை வெறும் உலோகமெனக் கருதி விலைபேச மாட்டார்கள்.